அவசரப் பிரிவின் கதவுக்குள்ளே என்ன நடக்கிறது?



தோட்டத்தில் ஒருவருக்கு ஆபத்து என்றால் கிடைத்த வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறோம். தள்ளுவண்டி உள்ளே போகிறது, கதவு மூடிக்கொள்கிறது. வெளியே நிற்கிற நமக்கு அதற்குப் பிறகு ஒன்றும் தெரிவதில்லை. “உள்ளே என்னதான் பண்றாங்க?”, “நாங்கதானே முதல்ல வந்தோம், பின்னால வந்தவங்களை ஏன் முதல்ல பாக்கிறாங்க?” என்று மனம் கொதிக்கிறது. சிலர் பொறுமை இழந்து, நோயாளியை வீட்டுக்கே திருப்பிக் கூட்டிப் போய்விடுகிறார்கள். இப்படிச் செய்து உயிரை இழப்பதும் உண்டு.

அவசரப் பிரிவில் டாக்டரும் மிஸ்ஸிமாரும் என்ன முறையில் வேலை செய்கிறார்கள், அந்த வேலைக்கு நாம் எப்படித் துணை செய்யலாம் என்பதை இந்த இதழில் பாடமாகப் பார்ப்போம்.

1. யாரை முதலில் பார்ப்பது?

அவசரப் பிரிவில் வந்த நேரத்தைப் பார்த்து வரிசை வைப்பதில்லை; உயிருக்கு உள்ள ஆபத்தைப் பார்த்து வைக்கிறார்கள். வாசலிலேயே ஓர் ஊழியர் நோயாளியைப் பார்த்து, மூச்சு, நாடி, நினைவு ஆகியவற்றைச் சோதித்துப் பிரித்து அனுப்புகிறார். நம் நாட்டு அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இதற்குப் பொதுவாகச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று மூன்று பகுதிகள் உண்டு. மலாயில் மேரா, கூனிங், ஹிஜாவ் என்று பலகையில் எழுதியிருக்கும்.

சிவப்பு என்றால் இந்த நிமிடமே கவனிக்க வேண்டியவர்: மூச்சு நின்றவர், நினைவு இழந்தவர், ரத்தம் கொட்டுகிறவர். மஞ்சள் என்றால் இப்போது தாக்குப் பிடிக்கிறார், ஆனாலும் நிலைமை கெடலாம். பச்சை என்றால் காத்திருக்கலாம். கையில் வெட்டுக் காயத்தோடு நாம் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறோம் என்றால், அந்த நேரத்தில் உள்ளே யாரோ ஒருவரின் உயிருக்காகப் போராடுகிறார்கள் என்று அர்த்தம்.

ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. பச்சைப் பகுதியில் உட்கார்ந்திருப்பவருக்குத் திடீரென்று வேர்த்துக் கொட்டினாலோ, மயக்கம் வந்தாலோ, மூச்சு வாங்கினாலோ பேசாமல் இருக்காதீர்கள். உடனே மிஸ்ஸியிடம் போய், “அம்மா, இவருக்கு இப்ப முன்னைவிட மோசமா இருக்கு” என்று சொல்லுங்கள். மறுபடி சோதித்து இடம் மாற்றுவது அவர்கள் முறையிலேயே உள்ளது.

2. உள்ளே போனதும் பார்க்கும் ஐந்து

எந்த நோயாக இருந்தாலும், எந்த விபத்தாக இருந்தாலும் ஊழியர்கள் ஒரே வரிசையில்தான் தொடங்குகிறார்கள்.

முதலாவது, மூச்சுப் பாதை. வாயில், தொண்டையில் அடைப்பு இருக்கிறதா? வாந்தி, ரத்தம், கழன்ற பல்செட் இருந்தால் எடுக்கிறார்கள்.

இரண்டாவது, மூச்சு. நெஞ்சு ஏறி இறங்குகிறதா? இரண்டு பக்கமும் ஒன்றுபோல் ஏறுகிறதா?

மூன்றாவது, ரத்த ஓட்டம். நாடி, ரத்த அழுத்தம், ரத்தப் போக்கு. கையில் ஊசிக்குழாய் ஏற்றுவது இப்போதுதான்.

நான்காவது, நினைவு. கூப்பிட்டால் கண் திறக்கிறாரா? கண்மணி எப்படி இருக்கிறது? சர்க்கரை எவ்வளவு?

ஐந்தாவது, உடம்பு முழுவதையும் பார்ப்பது. இதற்காகத்தான் சட்டையைக் கத்தரியால் வெட்டுகிறார்கள். “நல்ல சேலைய வெட்டிப்புட்டாங்களே” என்று வருத்தப்படாதீர்கள். முதுகுப் பக்கம் இருக்கும் காயம் துணிக்குள் மறைந்திருந்தால் ஆளே போய்விடலாம்.

மூச்சும் நாடியும் நின்றிருந்தால் நெஞ்சை அழுத்தத் தொடங்குவார்கள். வளர்ந்தவர்களுக்கு நெஞ்சின் நடுவில் 5 முதல் 6 செண்டிமீட்டர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. அழுத்துகிறவர் களைத்தால் வேகம் குறையும். அதனால் இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை ஆள் மாற்றுகிறார்கள். இந்த வேலை ஆஸ்பத்திரி வரும்வரை காத்திருக்க முடியாது. 999க்குப் போன் செய்து, எதிர்முனையில் இருப்பவர் சொல்லச் சொல்ல நாமே லயத்து வாசலில் தொடங்க வேண்டும்.

3. மருந்து உள்ளே போய்விட்டால்

தோட்டத்துக்கே உரிய ஆபத்து இது. புல்லுக்கு அடிக்கும் மருந்து, பூச்சிக்கு அடிக்கும் மருந்து. மேலே கொட்டிக்கொண்டவர் உண்டு. மன வேதனையில் குடித்துவிட்டவர் உண்டு. பச்சைத் தண்ணீர் போத்தலிலோ கலர் போத்தலிலோ ஊற்றி வைத்ததைக் குழந்தை குடித்ததும் உண்டு.

வீட்டில் செய்யக்கூடாதவை முதலில். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புத் தண்ணீர், சோப்புத் தண்ணீர், முட்டை, பால் எதையும் ஊற்றாதீர்கள். மயக்கத்தில் இருப்பவரின் வாயில் எதை ஊற்றினாலும் அது நுரையீரலுக்குள் இறங்கிவிடும். செய்ய வேண்டியது இதுதான்: நனைந்த சட்டையைக் கழற்றி, உடம்பைச் சோப்புப் போட்டு நிறையத் தண்ணீரில் கழுவுங்கள், கண்ணில் பட்டிருந்தால் ஓடுகிற தண்ணீரில் நன்றாக அலசுங்கள். கழுவுகிறவர் கையுறை போட்டுக்கொள்ள வேண்டும். மருந்து டின்னையோ அதன் லேபிலையோ ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கையோடு கொண்டுபோங்கள். அந்த லேபிலில்தான் டாக்டருக்கு வேண்டிய பதில் இருக்கிறது. ஏனென்றால் ஒவ்வொரு மருந்துக்கும் சிகிச்சை வேறு.

சில பூச்சிமருந்துகள் எச்சில், சளி, வேர்வை எல்லாவற்றையும் பெருக வைக்கும். கண்மணி ஊசிமுனைபோல் சுருங்கும். நெஞ்சில் சளி கட்டி மூச்சு திணறும். இதற்கு அட்ரோபின் என்ற ஊசியை, நெஞ்சுச் சளி காயும்வரை திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். “இத்தனை ஊசியா?” என்று பயப்பட வேண்டாம். முறையே அதுதான்.

பாராகுவாட் என்ற புல்மருந்து வேறு வகை. நம் நாட்டில் 2002ல் இதைத் தடை செய்யும் முடிவு வந்தது, 2006ல் தளர்த்தினார்கள், 2020 ஜனவரி 1 முதல் முழுத் தடை. ஆனாலும் பழைய சரக்கு எங்காவது மூலையில் கிடக்கலாம். இதைக் குடித்தவருக்குத் தொடக்கத்தில் ஆக்சிஜன் வைக்க டாக்டர் தயங்குவார். “மூச்சு வாங்குது, காத்து வைக்க மாட்டேங்கிறாங்க” என்று குடும்பம் கதறும். இது அலட்சியம் அல்ல. பாராகுவாட் நுரையீரலைக் கெடுப்பதற்கு ஆக்சிஜனே துணை போகிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் மிகவும் குறைந்தால் மட்டுமே வைப்பார்கள்.

குளுபோசினேட் என்ற புல்மருந்து இன்னும் ஏமாற்றும். குடித்தவர் சில மணி நேரம் நன்றாகப் பேசிக்கொண்டு, தேத்தண்ணிகூடக் கேட்பார். பிறகு திடீரென்று வலிப்பு வரும், மூச்சு நிற்கும். “ஆள் நல்லாத்தானே இருக்கார்” என்று சொந்தப் பொறுப்பில் கையெழுத்துப் போட்டு வீட்டுக்குக் கூட்டிப் போகிறோமே, அந்தக் கையெழுத்து எமனுக்குப் போடுகிற கையெழுத்தாக ஆகிவிடலாம். டாக்டர் படுக்க வைத்துப் பார்க்க வேண்டும் என்றால் விட்டுவிட்டு வாருங்கள்.

குடித்தவரைக் குடும்பமே திட்டுவதும், “எங்காவது தெரியாம குடிச்சிட்டார்” என்று டாக்டரிடம் மறைப்பதும் வேண்டாம். எப்போது, எவ்வளவு என்ற உண்மை தெரிந்தால்தான் சிகிச்சை நேராகும். உயிர் பிழைத்தபின் மன ஆறுதலுக்கும் ஆஸ்பத்திரியிலேயே ஆள் உண்டு, கேட்டுப் பெறுங்கள்.

4. பாம்பு கடித்தால்

கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். பாம்பைப் பிடித்துக்கொண்டு வரவும் வேண்டாம். செத்த பாம்பும் கடிக்கும். தூரத்திலிருந்து போட்டோ எடுக்க முடிந்தால் போதும். மோதிரம், வளையலைக் கழற்றுங்கள். கடிபட்ட கை காலை அசைக்காமல், ஒரு சட்டம் வைத்துக் கட்டி, நடக்க விடாமல் தூக்கிப் போங்கள்.

ஆஸ்பத்திரியில் வீக்கத்தின் ஓரத்தில் பேனாவால் கோடு போட்டு, மணியை எழுதுகிறார்கள். கோடு தாண்டி வீக்கம் ஏறுகிறதா என்று பார்க்கத்தான் அது. கொஞ்சம் ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைப்பதும் உண்டு. உறையவில்லை என்றால் விஷம் ரத்தத்தில் ஏறியிருக்கிறது என்று பொருள். மலாய்க்காரர்கள் ஊலார் காப்பாக் என்று சொல்லும் விரியன் கடித்தால் இப்படி ஆகும். நாகம் கடித்தால் கண் இமை தொங்கும், விழுங்க முடியாது, மூச்சு தளரும்.

“பாம்பு கடிச்சிருக்கு, ஏன் இன்னும் ஊசி போடல?” என்று கேட்கிறோம். எல்லாக் கடியிலும் விஷம் இறங்குவதில்லை. விஷமுறி மருந்து சிலருக்குக் கடுமையான ஒவ்வாமை உண்டாக்கும். ஆகையால் விஷத்தின் அடையாளம் தெரிந்த பிறகே, அந்தந்தப் பாம்புக்கு உரிய மருந்தைப் போடுகிறார்கள். ஒவ்வாமை வந்தால் கொடுக்க அட்ரினலின் பக்கத்திலேயே தயாராக இருக்கும்.

5. வேலைக்காட்டு விபத்து

ரத்தம் கொட்டினால் சுத்தமான துணியை வைத்துக் கையால் விடாமல் அழுத்துங்கள். எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள். மஞ்சள், காப்பித்தூள், புகையிலை அப்பாதீர்கள். விரல் துண்டாகிவிட்டால் அதை ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் கட்டி, அந்தப் பையை ஐஸ் மேல் வையுங்கள். துண்டின் மேல் ஐஸ் நேராகப் படக்கூடாது.

செம்பனைக் குலை வெட்டும் நீளமான அலுமினியக் கம்பு மின்கம்பியில் பட்டால், விழுந்தவரைத் தொடாதீர்கள். மின்சாரம் நின்றதென்று உறுதியான பிறகே கிட்டப் போக வேண்டும். காப்பாற்றப் போனவரும் சேர்ந்து சாகிற விபத்து இது. உயரத்திலிருந்து விழுந்தவரையும், குலை தலையில் விழுந்தவரையும் கழுத்து திரும்பாமல் மட்டமாகத் தூக்குங்கள்.

6. ஐந்து கேள்வி, ஐந்து பதில்

அவசரப் பிரிவில் ஊழியர் கேட்பது பெரும்பாலும் இந்த ஐந்துதான். ஒருவரே பேசுங்கள், பத்துப் பேர் சேர்ந்து பேசினால் நேரம்தான் போகும்.

என்ன நடந்தது?
எத்தனை மணிக்கு நடந்தது?
இதுவரை என்ன செய்தீர்கள், என்ன கொடுத்தீர்கள்?
இவருக்கு முன்பே சர்க்கரை, பிரஷர், ஆஸ்துமா உண்டா? என்ன மாத்திரை சாப்பிடுகிறார்?
எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா? பெண்ணாக இருந்தால், கர்ப்பமா?

ஐ.சி., கிளினிக் கார்டு, மாத்திரைப் பை ஆகிய மூன்றையும் வீட்டில் ஒரே இடத்தில் வையுங்கள். பக்கத்து லயத்து வங்காளதேசத்துத் தோழருக்கோ இந்தோனேசியத் தோழருக்கோ ஆபத்து என்றாலும், மொழி தெரிந்த ஒருவர் கூடவே போங்கள்.

7. சங்கக் கிளை கேட்க வேண்டியவை

இரவு வேளையில் வண்டி யார் ஓட்டுவது, சாவி யாரிடம்? 999க்கு நம் இடத்தைச் சொல்ல டிவிஷன் பெயர், மெயின் ரோட்டிலிருந்து வழி எல்லாம் லயத்தில் எழுதி ஒட்டியிருக்கிறதா? மருந்து ஸ்டோரில் ஒவ்வொரு மருந்துக்கும் உரிய பாதுகாப்புத் தகவல் தாள் இருக்கிறதா? முதலுதவிப் பெட்டி வேலைக்காட்டுக்கு வருகிறதா? இவற்றை அடுத்த கிளைக் கூட்டத்தில் எழுப்புங்கள். இதைக் கேட்பதால் யாரிடமும் நாம் சலுகை கேட்பதாகாது. 1990ம் ஆண்டுக் குடியிருப்பு வசதிச் சட்டம், தொழிலாளர்களின் மருத்துவ வசதியையும் முதலாளியின் கடமையாக வைத்திருக்கிறது. வேலையில் விபத்து நடந்தால் முதலாளி 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும். ஆகவே மருத்துவச் சீட்டு, ரசீது எதையும் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள்.

அவசரப் பிரிவில் இருப்பவர்களும் நம்மைப்போல் ஷிப்டு பார்க்கும் தொழிலாளர்கள்தாம். சந்தேகம் வந்தால் சத்தம் போடாமல் கேளுங்கள்: “ஐயா, இப்ப என்ன செய்றீங்க? எதுக்காகச் செய்றீங்க?” பதில் பெறுவது உங்கள் உரிமை.

இந்தப் பக்கத்தைக் கத்தரித்து வீட்டுச் சுவரில் ஒட்டுங்கள். வாசிக்கத் தெரியாத பெரியவர்களுக்குப் பிள்ளைகள் இன்றைக்கே வாசித்துக் காட்டட்டும்.