இரத்தினபுரி வழியே சிவனொளிபாதமலை: எம்பிலிப்பிட்டியவிலிருந்து ஓர் இரவு மலையேற்றம்

சிவனொளிபாதமலை 2,243 மீற்றர் உயரமானது. இரத்தினபுரி, நுவரெலியா மாவட்டங்களின் எல்லையில் தனித்து நிற்கும் அதன் உச்சியில் ஒரு பாதச் சுவடு இருக்கிறது. இந்துக்கள் அதைச் சிவனின் பாதமாகவும், பௌத்தர்கள் புத்தரின் பாதமாகவும், முஸ்லிம்கள் ஆதம் நபியின் பாதமாகவும் போற்றுகின்றனர். களனி, களு, வளவை ஆகிய மூன்று ஆறுகளும் இந்த மலைத்தொகுதியிலேயே பிறக்கின்றன. எம்பிலிப்பிட்டிய வயல்களுக்குப் பாயும் வளவை நீரின் மூலத்தை நோக்கிய பயணம் என்றும் இந்த மலையேற்றத்தைச் சொல்லலாம்.

தூரத்திலிருந்து பார்த்தால் மலை ஒரு கூம்பாகத் தெரியும். அதனால் இது அணைந்துபோன எரிமலை என்ற பேச்சு வெகுகாலமாக உண்டு. எம்பிலிப்பிட்டியவுக்கு அருகிலுள்ள மகாபெலஸ்ஸ வெந்நீர்க் கிணறுகளையும் சிலர் இதற்குச் சான்றாகக் காட்டுவர். உண்மையில் இலங்கையில் எரிமலை எதுவும் இல்லை. மழைநீர் பாறை வெடிப்புகள் வழியே மிக ஆழத்துக்கு இறங்கி, அங்குள்ள இயல்பான வெப்பத்தில் சூடேறி, மீண்டும் மேலே வருவதால் மகாபெலஸ்ஸவில் வெந்நீர் ஊறுகிறது. சிவனொளிபாதமலையோ பல கோடி ஆண்டுகளுக்கு முன் நிலத்தின் அடியில் அழுத்தத்தாலும் வெப்பத்தாலும் உருமாறிய கடினப் பாறையால் ஆனது. சுற்றியிருந்த மென்மையான பகுதிகள் மழையில் கரைந்துபோக, எஞ்சி நின்றது இந்தக் கூம்பு. இந்த மலைநாட்டுப் பாறைகளிலிருந்து அரித்துச் செல்லப்பட்ட மணிகளே இரத்தினபுரிப் பள்ளத்தாக்கின் சரளைப் படைகளில் மாணிக்கமாகவும் நீலமாகவும் கிடைக்கின்றன. பெல்மதுளையைத் தாண்டியதும் வீதியோர வயல்களில் தென்னோலைக் கூரை போட்ட மாணிக்கக் குழிகளைக் காணலாம்.

எரிமலை இல்லையென்றாலும், இரவில் ஏறி உச்சியில் விடியலைக் காணும் முறை இங்கும் இந்தோனேசியாவின் பாதூர், ரிஞ்சானி எரிமலைகளிலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு பெரிய வேறுபாடு உண்டு. அங்கே மலை எந்த நேரமும் குமுறக்கூடும்; 2023 டிசம்பரில் சுமாத்திராவின் மராப்பி வெடித்தபோது இருபதுக்கும் மேற்பட்ட மலையேறிகள் உயிரிழந்தனர். சிவனொளிபாதமலையில் அத்தகைய அபாயம் இல்லை. இங்குள்ள ஆபத்துகள் மழை, குளிர், வழுக்கும் கல், தளர்ந்த முழங்கால் என்பவையே. நான்கையும் முன்னேற்பாட்டால் சமாளிக்க முடியும்.

யாத்திரைக் காலம் டிசம்பர் மாதப் பௌர்ணமியான உந்துவப் போயாவில் தொடங்கி, மே மாதத்து வெசாக் போயாவில் முடிகிறது. எஞ்சிய மாதங்களில், மலையைக் காப்பதாக நம்பப்படும் சமன் தெய்வத்தின் திருவுருவம் பெல்மதுளை கல்பொத்தாவல விகாரையில் வைக்கப்பட்டிருக்கும். காலம் தொடங்கும்போது ஊர்வலமாக மலைக்குக் கொண்டுசெல்லப்படும். எம்பிலிப்பிட்டியவிலிருந்து போகிறவர்கள் பெல்மதுளையைக் கடந்துதான் போகவேண்டும் என்பதால், பலர் அங்கே இறங்கி வணங்கிவிட்டுச் செல்கின்றனர். ஜனவரி முதல் மார்ச் நடுப்பகுதி வரை வானம் பெரும்பாலும் தெளிவாக இருக்கும். ஏறுவதற்கு அதுவே நல்ல காலம். மார்ச் பிற்பகுதியிலும் ஏப்ரலிலும் பிற்பகல் இடி மின்னல் சப்ரகமுவவில் வழமையானது. போயா நாட்களிலும் வார இறுதியிலும் உச்சிக்கு அண்மையில் வரிசை அசையாமல் மணிக்கணக்கில் நிற்கும். குழந்தைகளையும் முதியவர்களையும் கூட்டிச் செல்வோர் திங்கள் முதல் புதன் வரை, விடுமுறையை ஒட்டாத ஒரு நாளைத் தெரிவு செய்வது நல்லது.

மே மாதத்துக்குப் பின் இரத்தினபுரிப் பாதையில் விளக்கு எரியாது, கடைகள் மூடிவிடும், தென்மேற்குப் பருவமழை கொட்டும். அந்த மாதங்களில் இந்தப் பக்கமாக இரவில் ஏறுவதைத் தவிர்க்க வேண்டும்.

மலைக்கு மூன்று முக்கிய பாதைகள் உள்ளன. ஹட்டன், மஸ்கெலியா வழியாக நல்லதண்ணிக்குப் போய் ஏறுவது மிகக் குறுகியது. அந்த ஊரே 1,200 மீற்றருக்கு மேல் இருப்பதால் படிகளில் மூன்று நான்கு மணி நேரத்தில் உச்சியை எட்டலாம். மற்ற இரண்டும் சப்ரகமுவப் பக்கத்தன: ஒன்று குருவிட்ட, எரத்ன வழி, மற்றது இரத்தினபுரி, கிலிமலை, பலாபத்தல வழி. இவை நீளமானவை, செங்குத்தானவை, காட்டுக்குள்ளே செல்பவை. இரத்தினபுரி நகரம் கடல் மட்டத்திலிருந்து நூறு மீற்றர் உயரத்தைக்கூடத் தொடாத இடத்தில் இருக்கிறது. ஆகவே இந்தப் பக்கமாக ஏறுபவர் மலையின் உயரத்தில் பெரும்பகுதியைக் காலால் அளக்கிறார். எம்பிலிப்பிட்டியவிலிருந்து வருவோருக்குப் பலாபத்தல வழியே பொருத்தமானது. காடும் நீரோடையும் பழைய யாத்திரை முறையும் இன்னும் மிஞ்சியிருக்கும் பாதை அது. அவசரம் இல்லாத எவரும் இதையே தெரிவு செய்ய வேண்டும்.

வழிகாட்டியோடு இந்த மலையை ஏறுவது புதிய ஏற்பாடல்ல. 1344இல் பயணி இப்னு பதூதா இலங்கைக்கு வந்தபோது, யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்தி அவருக்குப் பல்லக்குக் கொடுத்து, ஆண்டுதோறும் மலைக்குப் போய்ப் பழகிய நான்கு யோகியரையும், மூன்று பிராமணரையும், தன் பரிவாரத்தினர் பத்துப் பேரையும், உணவு சுமக்கப் பதினைந்து பேரையும் கூட அனுப்பினார். பாபா வழி, மாமா வழி என இரு பாதைகளைப் பற்றி அவர் எழுதியிருக்கிறார். கடினமான பாபா வழியால் ஏறி, எளிதான மாமா வழியால் இறங்குவதே அக்கால வழக்கம். பாறையில் பதித்த இரும்புச் சங்கிலிகளைப் பிடித்து ஏறியதையும் அவர் குறிப்பிடுகிறார்.

இன்று அந்த வழிகாட்டியின் இடத்தில் இருப்பவர் நடே குரா. பலமுறை மலைக்குப் போய் வந்து, குழுவை நடத்திச் செல்லும் மூத்தவரைச் சிங்கள மக்கள் அப்படி அழைப்பர். இறக்குவானை, கஹவத்தை, பலாங்கொடைத் தோட்டங்களிலிருந்து போகும் தமிழ்க் குழுக்களிலும் இப்படி ஒரு பெரியவர் முன்னே நடப்பார். எங்கே தண்ணீர் எடுக்கலாம், எந்த மடத்தில் படுக்கலாம், யார் களைத்துவிட்டார், யாரைத் திருப்பி அனுப்பவேண்டும் என்பதெல்லாம் அவர் பொறுப்பு. முதன்முறை வருபவர்களைத் தனியே கவனிப்பதும் அவரே. “இன்னும் எவ்வளவு தூரம்?” என்று கேட்பதை அவர் விரும்பமாட்டார், அந்தக் கேள்வி குழுவின் மனத்தைத் தளர்த்திவிடும் என்பது பழைய நம்பிக்கை. யாத்திரைக் காலத்தில் விளக்கும் கூட்டமும் வழி காட்டும் என்றாலும், பலாபத்தலப் பாதைக்கு முதன்முறை வருவோர் அனுபவமுள்ள ஒருவர் இல்லாமல் புறப்படக்கூடாது. தெரிந்தவர் இல்லாவிட்டால் பலாபத்தலவிலேயே உள்ளூர்வாசி ஒருவரைப் பேசிக்கொள்ளலாம். கூலி, உணவு, இறங்கும் வழி மூன்றையும் ஏறுமுன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

எம்பிலிப்பிட்டியவிலிருந்து கொடகவெல, கஹவத்தை, பெல்மதுளை வழியாக இரத்தினபுரிக்கு பஸ் ஓடுகிறது. ஏறத்தாழ மூன்று மணி நேரப் பயணம். அதிகாலை பஸ்ஸைப் பிடித்தால் இரத்தினபுரியில் சமன் தேவாலயத்துக்குப் போய்விட்டு, மதிய உணவை முடித்து, பிற்பகலில் பலாபத்தலவை அடையலாம். பலரும் செய்யும் தவறு, மாலை மங்கிய பின் நடக்கத் தொடங்கி, ஒரே மூச்சில் விடியலுக்குள் உச்சியை எட்ட முயல்வது. இந்தப் பாதையில் ஏற்றத்துக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம் ஆகும். உறக்கமின்றி ஏறியவர் காலையில் இறங்கும்போதுதான் வழுக்கி விழுகிறார். பிற்பகல் இரண்டு மூன்று மணிக்குள் நடக்கத் தொடங்கி, எரத்ன வழியும் பலாபத்தல வழியும் கூடும் ஹெரமிட்டிபானவை இரவு ஒன்பது பத்து மணிக்குள் அடைந்து, அங்குள்ள யாத்திரிகர் மடத்தில் சில மணி நேரம் தூங்கி எழுவதே சரியான முறை. வானம் இடிக்கும் பிற்பகலாக இருந்தால் மழை விட்ட பிறகு புறப்படலாம். ஆனால் தூக்கத்தை விட்டுக்கொடுக்கக் கூடாது.

ஹெரமிட்டிபானவில் நள்ளிரவுக்குப் பின் நடக்கும் காட்சி தனி. சீமெந்துத் தரையில் பாய் விரித்து, தலை முதல் கால் வரை போர்த்திக்கொண்டு குடும்பம் குடும்பமாகப் படுத்திருப்பார்கள். கடைகளில் பெரிய கேத்தலில் தண்ணீர் கொதித்தபடி இருக்கும். இஞ்சி போட்ட பிளேன்டியும் சுடச்சுட ரொட்டியும் கிடைக்கும். இரண்டு மணியளவில் நடே குரா ஒவ்வொருவராகத் தட்டி எழுப்புவார். கோயிலுக்குப் போவது என்ற நினைப்பில் யாரும் குரல் உயர்த்துவதில்லை. இறங்கி வருவோரும் ஏறிப்போவோரும் ஒருவருக்கொருவர் சமன் தெய்வத்தின் கருணையை வேண்டி வாழ்த்திக்கொள்வார்கள். தமிழ்க் குழுக்கள் அரோகரா சொல்லியபடி கடந்து போகும்.

அங்கிருந்து உச்சி வரை, நிதானமாக நடப்போருக்கு இரண்டு மணி நேரமளவில் ஆகும். கடைசிப் பகுதியான மகாகிரிதம்ப மிகச் செங்குத்தானது. இரும்புக் கைப்பிடியை ஒரு கையால் பற்றி, சிறு எட்டாக வைத்து, இருபது முப்பது படிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கி ஏறவேண்டும். வேகமாக ஏறி வியர்த்து நனைந்தால், உச்சியில் காற்றுப் பட்டதும் உடல் விறைத்துவிடும். எம்பிலிப்பிட்டிய வெயிலில் பழகியவர்கள் இதைக் குறைத்து மதிப்பிடுகிறார்கள். விடியலுக்கு முன் அங்கே வெப்பநிலை பத்துப் பாகைக்கும் கீழே இறங்குவதுண்டு. காற்றும் சேர்ந்தால் இன்னும் கடுமை. ஏறும்போது மெல்லிய உடை. உச்சிக்கு அருகே, பையில் பொலித்தீனில் சுற்றி வைத்த உலர்ந்த பனியன், ஸ்வெட்டர், காதை மூடும் குரங்குத் தொப்பி என்று மாற்றிக்கொள்ள வேண்டும்.

பையில் வேறு அதிகம் வேண்டாம். டோர்ச் லைட்டும் மாற்றுப் பட்டறியும், மழைக் கோட்டு, ஒரு லீற்றர் தண்ணீர், பேரீச்சம்பழம், கச்சான், குளுக்கோஸ், வழமையாக எடுக்கும் மருந்து, ஒரு ஊன்றுகோல் போதும். ரப்பர்ச் செருப்பு இறக்கத்தில் காலை வாரிவிடும். அடிப்பாகம் பிடிக்கும் பழகிய சப்பாத்தே தேவை, புதிதாக வாங்கியது கூடாது. ஈரமான பகுதிகளில் அட்டை ஏறும். கணுக்காலில் சவர்க்காரத்தைக் குழைத்துப் பூசினாலோ சித்தாலேப தைலம் தடவினாலோ பெரும்பாலும் ஏறாது. ஏறியதைப் பிடுங்காமல் உப்பு வைத்தால் தானே விழும். மதுவும் மாமிசமும் மலைக்குக் கொண்டுபோகக் கூடாது. இந்தக் காடு 2010இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக அறிவித்த மத்திய மலைநாட்டின் ஒரு பகுதி. கொண்டுபோன பொலித்தீனும் போத்தலும் ஒன்று மிச்சமில்லாமல் திரும்பி வரவேண்டும். யாத்திரைக் காலம் முடிந்தபின் ஓடைகளில் சிக்கிக் கிடக்கும் குப்பை நெஞ்சை வருத்துவது.

உச்சியில் சப்பாத்தைக் கழற்றி, தொப்பியை எடுத்துவிட்டு வரிசையில் போய்ப் பாதத்தை வணங்கவேண்டும். உண்மையான சுவடு அடியில் இருக்க, மேலே கல்லில் அமைந்த பாதமே கண்ணுக்குத் தெரிகிறது என்பது மரபு. வணங்கியவர் தாம் வந்த தடவைகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப மணியை அடிப்பார். ஐம்பது அறுபது முறை அடிக்கும் முதியவர்களும் உண்டு. சுற்றி நிற்போர் அவரை மரியாதையோடு பார்ப்பர்.

ஜனவரி, பெப்ரவரியில் சூரியன் ஆறரை மணியை ஒட்டி எழுகிறது. எல்லாரும் கிழக்கே பார்த்து நிற்கும்போது, சில நிமிடங்கள் பொறுத்து மேற்குப் பக்கம் திரும்பிப் பார்ப்பது அவசியம். மலையின் நிழல் இரத்தினபுரிப் பக்கத்து மூடுபனியின் மேல் கூர்மையான முக்கோணமாக விழுந்திருக்கும். சூரியன் ஏற ஏற அது மலையடியை நோக்கிச் சுருங்கி வரும். மலை எந்த வடிவத்தில் இருந்தாலும் மிக நீண்ட நிழல் தொலைவில் ஒரு புள்ளியில் குவிவதாகவே கண்ணுக்குப் படும். நேரான வீதியின் இரு ஓரங்களும் தூரத்தில் சேர்வதாகத் தெரிவதும் இதே காரணத்தால்தான். வானம் மூடியிருந்தால் நிழல் விழாது.

இறக்கத்துக்கு இரண்டு தெரிவுகள் உள்ளன. வந்த வழியே பலாபத்தலவுக்கு இறங்கினால் நான்கு ஐந்து மணி நேரம் ஆகும், முழங்காலுக்குப் பெரும் சோதனை. ஆனால் மாலைக்குள் எம்பிலிப்பிட்டியவுக்கு பஸ் கிடைக்கும். நல்லதண்ணிப் பக்கம் இறங்கினால் படி சீராக இருக்கும், மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கமும் தேயிலை மலைகளும் கண்முன் விரியும். ஒரு வழியால் ஏறி வேறு வழியால் இறங்குவதே இப்னு பதூதா காலத்து வழக்கமும். அங்கிருந்து மஸ்கெலியா, ஹட்டன், அவிசாவளை, இரத்தினபுரி என்று சுற்றித் திரும்ப ஒரு முழு நாள் தேவை. முழங்கால் நோவு உள்ளவர்கள் அந்த ஒரு நாளைச் செலவிடத் தயங்கக் கூடாது. எந்தப் பக்கமானாலும் இறங்கும்போது ஊன்றுகோலை முன்னே ஊன்றி, பாதத்தைச் சற்றுப் பக்கவாட்டில் வைத்து இறங்கினால் மூட்டின் பாரம் குறையும்.

புறப்படும் நாளுக்கு முதல் நாள் வளிமண்டலவியல் திணைக்களத்தின் முன்னறிவிப்பையும், தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் விடுக்கும் மண்சரிவு எச்சரிக்கையையும் பார்த்துவிட வேண்டும். இரத்தினபுரி மாவட்டத்துக்குச் செம்மஞ்சளோ சிவப்போ அறிவிக்கப்பட்டிருந்தால் பயணத்தைத் தள்ளிவைப்பதைத் தவிர வேறு யோசனைக்கு இடமில்லை. மார்பு வலி, மூச்சுத் திணறல், தலைச்சுற்று வந்தவரை மேலே இழுத்துக்கொண்டு போகாமல், ஒருவரைத் துணைக்கு விட்டு அருகிலுள்ள மடத்தில் அமர்த்தவேண்டும். யாத்திரைக் காலத்தில் வழியில் பொலிசாரும் முதலுதவி நிலையங்களும் இருக்கும். இலவச அம்புலன்ஸ் சேவையின் எண் 1990, பொலிஸ் அவசர எண் 119. காட்டுக்குள் தொலைபேசி எங்கும் வேலை செய்யும் என்று நம்ப முடியாததால், போகும் வழியையும் திரும்பும் நேரத்தையும் வீட்டில் எழுதி வைத்துவிட்டுப் புறப்பட வேண்டும்.