இருபதாம் தேதிக்கு மேல் என்ன செய்வது?

கேள்வி:

சென்னையில் அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றில் பி.எஸ்சி. வேதியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். சொந்த ஊர் சங்கரன்கோவிலுக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில்தான் படித்தேன். அப்பா விசைத்தறி ஓட்டுகிறார். மாதம் பிறந்தால் 7,000 ரூபாய் அனுப்பிவிடுவார். அதற்கு மேல் கேட்க எனக்கு மனசு வரவில்லை. குரோம்பேட்டையில் நாலு பேர் சேர்ந்து அறை எடுத்திருக்கிறோம். என் பங்கு வாடகை 2,500. மூன்று வேளையும் கடைச் சாப்பாடு. அதற்கே 4,000-க்கு மேல் போய்விடுகிறது. பஸ், ஷேர் ஆட்டோ, ரீசார்ஜ், ஜெராக்ஸ் என்று மீதியும் கரைந்து 20-ஆம் தேதிக்கு மேல் கையில் ஒன்றும் இருப்பதில்லை. போன மாதம் ஒரு கடன் ஆப்பில் 3,000 ரூபாய் கேட்டேன். பிடித்தம் போகக் கைக்கு வந்தது 2,200. ஏழே நாளில் 3,000 கட்டச் சொன்னார்கள். நண்பனிடம் கைமாத்து வாங்கிக் கட்டிவிட்டேன். இப்போது இன்னும் அதிகமாகத் தருகிறோம் என்று தினமும் மெசேஜ் வருகிறது. ராத்திரிச் சாப்பாட்டை விட்டுவிடலாமா, சனி ஞாயிறு கேட்டரிங் வேலைக்குப் போகலாமா என்று யோசிக்கிறேன். தங்கை பிளஸ் டூ படிக்கிறாள். அடுத்த வருஷம் அவளையும் சேர்க்க வேண்டும். என்ன வழி?

— பெயர் வெளியிட வேண்டாம், சென்னை

பதில்:

தம்பி, ராத்திரிச் சாப்பாட்டை மட்டும் விடாதீர்கள். பத்தொன்பது இருபது வயதில் பட்டினி கிடந்து மிச்சம் பிடிக்கும் காசு மருந்துக் கடைக்குத்தான் போகும், படிப்பும் ஏறாது. உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்குத் தோன்றியது இதுதான்: நீங்கள் ஊதாரியாகச் செலவு செய்யவில்லை. உங்களுக்கு வரவேண்டிய பணம் வரவில்லை. அதை வாங்குவதுதான் முதல் வேலை. சிக்கனம் அதற்கு அடுத்தது.

கடன் ஆப்பைப் பற்றி முதலில் பேசிவிடுவோம். கைக்கு வந்தது 2,200. ஒரு வாரத்தில் கட்டியது 3,000. அதாவது நூறு ரூபாய்க்கு 36 ரூபாய் வட்டி, அதுவும் ஏழே நாளைக்கு. கந்துவட்டியைத் தடுக்க 2003-இலேயே சட்டம் போட்ட மாநிலத்தில், அதே வட்டி இப்போது செல்போன் வழியாக வீட்டுக்குள் வருகிறது. முறையாகக் கடன் தரும் நிறுவனம் எந்த வங்கியின் அல்லது நிதி நிறுவனத்தின் பணத்தைத் தருகிறது என்று சொல்ல வேண்டும். ஆண்டுக்கு எத்தனை சதவீதம் ஆகிறது என்று ஒரு தாளில் எழுதிக் காட்ட வேண்டும். உங்கள் போனில் உள்ள நண்பர்களின் எண்களையோ, படங்களையோ எடுக்கக் கூடாது. இவையெல்லாம் ரிசர்வ் வங்கியின் விதிகள். உங்களுக்குக் கடன் கொடுத்தவர்கள் இதில் எதையாவது செய்தார்களா? அந்த ஆப்புக்குக் கொடுத்த அனுமதிகள் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, அதையும் அழித்துவிடுங்கள். மிரட்டல் வந்தால் பயந்து பணம் கட்டாதீர்கள். 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழைத்துப் புகார் சொல்லுங்கள். கைமாத்து கொடுத்த நண்பனுக்கு எப்போது திருப்பித் தருவீர்கள் என்று இன்றைக்கே ஒரு தேதி சொல்லிவிடுங்கள். நட்பும் ஒரு சொத்துதான்.

இப்போது வரவுக்கு வருகிறேன். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரிக்கு வரும் மாணவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் ‘தமிழ்ப் புதல்வன்’ திட்டம் 2024 ஆகஸ்ட் 9-ஆம் தேதி கோயம்புத்தூரில் தொடங்கப்பட்டது. அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. நீங்கள் முழுக்க முழுக்க இதற்கு உரியவர். ஆனால் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. உங்களைப் போல எத்தனையோ பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். விண்ணப்பம் போட்டதாக நினைத்துக்கொண்டிருப்பார்கள், பணம் வந்திருக்காது, யாரிடம் கேட்பது என்று தெரியாமல் அப்படியே விட்டிருப்பார்கள்.

தடங்கல் பெரும்பாலும் வங்கிக் கணக்கில்தான் இருக்கும். இந்தப் பணம் கணக்கு எண்ணைப் பார்த்து வருவதில்லை, ஆதார் எண்ணைப் பார்த்து வருகிறது. ஒருவருக்கு மூன்று வங்கிகளில் கணக்கு இருந்தாலும், அரசு உதவிப் பணம் வாங்குவதற்கென்று ஆதாரோடு இணைத்த ஒரே ஒரு கணக்குக்குத்தான் அது போகும். கணக்கு தொடங்கும்போது ஆதார் நகல் கொடுத்தோமே, அது போதாதா என்று கேட்பீர்கள். போதாது. அது அடையாளத்துக்குக் கொடுத்தது. உதவிப் பணத்துக்கான இணைப்புக்குத் தனியாக ஒரு படிவம் எழுதிக் கொடுக்க வேண்டும். ஆதார் இணையதளத்தில் உங்கள் எண்ணைப் போட்டு, போனுக்கு வரும் ஓடிபியைக் கொடுத்தால், எந்த வங்கியோடு இணைந்திருக்கிறது, அது இப்போது நடப்பில் இருக்கிறதா என்று காட்டிவிடும். சின்ன வயதில் பள்ளி உதவித்தொகைக்காக ஊரில் தொடங்கி, பிறகு தொடவே தொடாத கணக்கு அங்கே நிற்கலாம். அப்படியானால் பணம் அங்கே போயிருக்கும், அல்லது திரும்பியிருக்கும். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அந்தப் பாஸ்புக்கில் பதிவு போட்டுப் பாருங்கள்.

கணக்கு சரியாக இருந்தும் பணம் வரவில்லை என்றால், கல்லூரியில் இந்தத் திட்டத்தைக் கவனிக்கும் பொறுப்பு அலுவலரைப் பாருங்கள். மாணவர் விவரங்களைப் பதியும் யுமிஸ் தளத்தில் உங்கள் பெயர், பிறந்த தேதி, படித்த பள்ளிகள் எல்லாம் ஆதாரில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று அவரோடு உட்கார்ந்து பார்க்க வேண்டும். இனிஷியல் ஒரு இடத்தில் முன்னால், ஒரு இடத்தில் பின்னால் இருந்தால்கூடச் சிக்கல் வரும். அப்படியே உங்கள் சமூகப் பிரிவுக்கான உதவித்தொகையையும் கேட்டுவிடுங்கள். அதற்குச் சாதிச் சான்றும் வருமானச் சான்றும் வேண்டும்; இரண்டையும் ஊரில் இ-சேவை மையத்தில் அப்பாவே விண்ணப்பித்து வாங்கலாம். இதை வாங்கினால் அது கிடைக்காதோ என்ற பயம் வேண்டாம்.

அடுத்தது பயணம். குரோம்பேட்டையில் இருந்துகொண்டு பஸ்ஸுக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் தினமும் காசு கொடுப்பது எனக்குத் தாங்கவில்லை. பக்கத்திலேயே கடற்கரை – தாம்பரம் மின்சார ரயில் ஓடுகிறது. கல்லூரியில் சான்று வாங்கி ஸ்டேஷன் கவுண்டரில் கொடுத்தால் மாணவர் சீசன் டிக்கெட் பாதி விலைக்குக் கிடைக்கும். பொதுப் பிரிவினருக்கு 25 வயது வரை உண்டு. மூன்று மாதத்துக்குச் சேர்த்து எடுத்தால் இன்னும் கொஞ்சம் குறையும். ரயிலை விட்டு இறங்கிக் கல்லூரி வரை நடக்கும் தூரமாக இருந்தால் நடந்துவிடுங்கள். இதைப் படிக்கும் மாணவியருக்கு ஒரு வார்த்தை: பட்டப்படிப்பு முடியும் வரை வீட்டுக்கும் கல்லூரிக்கும் இடையே இரண்டாம் வகுப்பு சீசன் டிக்கெட்டை ரயில்வே உங்களுக்கு இலவசமாகவே தருகிறது. பலர் இதைக் கேட்பதே இல்லை.

ஊருக்குப் போவதிலும் ஒரு சலுகை இருக்கிறது. விடுமுறைக்குச் சொந்த ஊர் போகும் மாணவருக்கு இரண்டாம் வகுப்பிலும் ஸ்லீப்பரிலும் அடிப்படைக் கட்டணத்தில் பாதி தள்ளுபடி. பட்டியலினத்தவருக்கு 75 சதவீதம். கல்லூரி முதல்வர் கையெழுத்திட்ட சலுகைப் படிவம் வேண்டும். முன்பதிவு கவுண்டரில்தான் எடுக்க முடியும், செல்போனில் முடியாது. சங்கரன்கோவிலுக்கு எழும்பூரிலிருந்து பொதிகை எக்ஸ்பிரஸ் நேராகவே போகிறது. 60 நாளைக்கு முன்பு முன்பதிவு திறக்கும். தீபாவளிக்கு எந்தத் தேதியில் கிளம்புவீர்களோ, அதற்கு 60 நாள் முன்னால் காலையிலேயே வரிசையில் நில்லுங்கள். பண்டிகை நேரத்து ஆம்னி பஸ் கட்டணம் உங்கள் ஒரு மாதச் சாப்பாட்டுக் காசில் பாதியைத் தின்றுவிடும்.

இனி சாப்பாடு. நாலு பேர் இருக்கிறீர்கள்; ஒரு வேளையாவது அறையில் சமையுங்கள். எல்லா வேளையும் சமைக்கப் போகிறேன் என்று கிளம்பினால் பத்து நாளில் அலுத்துவிடும், பாத்திரம் யார் கழுவுவது என்று சண்டை வரும். ராத்திரி மட்டும் போதும். நடுத்தர அளவில் ஒரு எலக்ட்ரிக் ரைஸ் குக்கரை நாலு பேரும் பங்கு போட்டு வாங்கலாம். முதலில் வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், கரண்ட் யூனிட்டுக்கு அவர் எவ்வளவு போடுகிறார் என்பதையும் சேர்த்து. அரிசியும் துவரம்பருப்பும் கழுவிப் போட்டு, வெங்காயம், தக்காளி, இருக்கிற காய், மஞ்சள்தூள், சாம்பார்ப்பொடி, புளிக்கரைசல், உப்பு எல்லாம் சேர்த்து ஒரேயடியாக வைத்துவிட்டால் சாம்பார் சாதம் ஆகிவிடும். முட்டையைக் கழுவி மேல் தட்டில் வைத்தால் அதுவும் வெந்திருக்கும். காலையில் ஊறப்போட்ட கொண்டைக்கடலையோ பாசிப்பயறோ ஒரு பிடி சேர்த்தால் சத்துக்குக் குறைவில்லை. ஊரிலிருந்து வரும்போது அம்மாவிடம் சொல்லிப் பருப்புப்பொடியும், நல்லெண்ணெய் மிதக்கக் காய்ச்சிய புளிக்காய்ச்சலும் வாங்கி வாருங்கள். ஈரக் கரண்டி படாமல் வைத்திருந்தால் பல நாள் தாங்கும். சமைக்க முடியாத நாளில் சூடான சோறும் புளிக்காய்ச்சலும் அப்பளமும் போதும்.

அடுப்பு வேண்டும் என்றால் 5 கிலோ கேஸ் சிலிண்டர் இருக்கிறது. அதற்கு முகவரிச் சான்று தேவையில்லை, அடையாள அட்டை ஒன்று போதும். மாணவர்களையும் வேலை தேடி வந்தவர்களையும் மனதில் வைத்தே அதை விற்கிறார்கள்.

காலைச் சாப்பாட்டுக்கு அம்மா உணவகத்தைச் சொல்லத் தயங்க மாட்டேன். இட்லி 1 ரூபாய், பொங்கல் 5 ரூபாய். மதியம் சாம்பார் சாதம் 5, தயிர் சாதம் 3. அங்கே போய்ச் சாப்பிடுவதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. உங்கள் அறைக்கும் கல்லூரிக்கும் நடுவில் எங்கே இருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். டெலிவரி ஆப்பில் சாப்பாடு வரவழைப்பதை மட்டும் அடியோடு நிறுத்துங்கள். கடை விலைக்கு மேல் ஒரு விலை, பேக்கிங், டெலிவரி, வரி என்று ஒரு பிரியாணிக்கு ஒன்றரைப் பிரியாணிக் காசு போகிறது.

ரீசார்ஜ் சின்ன விஷயம்தான். 28 நாள் திட்டம் போட்டால் வருஷத்துக்கு 13 முறை கட்ட வேண்டியிருக்கும் என்பதை நினைவில் வைத்து, நாள் கணக்கில் வகுத்துப் பார்த்து வாங்குங்கள்.

புத்தகத்துக்குப் புதுக் காசு கொடுக்காதீர்கள். பூரி, சர்மா, பதானியா எழுதிய பிசிக்கல் கெமிஸ்ட்ரி புத்தகத்தின் பழைய பதிப்பு சீனியரிடமோ பழைய புத்தகக் கடையிலோ கிடைக்கும். வெப்ப இயக்கவியலின் விதிகள் பதிப்புக்குப் பதிப்பு மாறுவதில்லை. என்.பி.டி.இ.எல். தளத்தில் ஐஐடி பேராசிரியர்கள் நடத்தும் வேதியியல் பாடங்கள் முழுவதும் இலவசம். தேர்வெழுதிச் சான்றிதழ் வாங்கினால்தான் கட்டணம். அறையில் நாலு பேருக்கு நடுவே படிக்க முடியவில்லை என்றால் எழும்பூர் கன்னிமாரா நூலகத்துக்குப் போங்கள், உங்கள் ரயில் தடத்திலேயே இறங்கலாம். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய்ப் படிக்கத் தனிப் பகுதியே வைத்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை அங்கே போய்ப் பாருங்கள். உங்களைப் போன்ற பிள்ளைகள் சோற்றுப் பையோடு வந்து சாயங்காலம் வரை படித்துக்கொண்டிருப்பார்கள். எனக்கு இந்த நகரத்தில் மிகவும் பிடித்த காட்சி அது.

கேட்டரிங் வேலை கேட்டீர்கள். முகூர்த்த நாளில் எப்போதாவது ஒரு முறை போவதைத் தப்பென்று சொல்ல மாட்டேன். ஆனால் பந்தி முடிந்து, இலை எடுத்து, பாத்திரம் ஏற்றிவிட்டு அறைக்குத் திரும்ப நள்ளிரவு தாண்டிவிடும். ஞாயிறு ராத்திரி போனால் திங்கள் காலை வகுப்பு போச்சு. வருகைப்பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே போனால் அதற்கு ஒரு கட்டணம். அரியர் விழுந்தால் அதற்கும் ஒரு கட்டணம். அதைவிட, குரோம்பேட்டையிலேயே பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகள் இரண்டு பேருக்கு வேதியியல் டியூஷன் எடுங்கள். சம்பாத்தியமும் ஆகும், உங்கள் அடிப்படையும் உறுதியாகும்.

உங்கள் கணக்கை நானே போட்டுப் பார்த்தேன். அப்பா தரும் 7,000-உடன் தமிழ்ப் புதல்வன் 1,000 சேர்ந்தால் 8,000. வாடகையும் கரண்டும் 2,800. ராத்திரி அறையில் சமைத்து, காலையும் மதியமும் மலிவாக வெளியே சாப்பிட்டால் 3,000-க்குள் முடியும். பயணம், போன், ஜெராக்ஸ், சோப்பு, சலவை எல்லாம் சேர்த்து 1,200. மீதி 1,000 நிற்கிறது. முதல் தேதியே வாடகையை எடுத்து வைத்துவிட்டு, மற்றதை நாலு வாரத்துக்குப் பிரித்து, வாரத்துக்கு ஒரு முறை மட்டும் செலவுக் கணக்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள். முதல் மூன்று மாத மீதி நண்பனுக்கு.

அப்பாவிடம் கடன் ஆப் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள், தம்பி. அவர் திட்டினாலும் திட்டட்டும். பிள்ளை யாரோ முகம் தெரியாதவனிடம் கடன்பட்டான் என்று வெளியார் சொல்லித் தெரிவதைவிட அது மேல்.

தங்கையைப் பற்றிக் கேட்டீர்களே. அவரும் ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளி என்றால், கல்லூரியில் சேர்ந்ததும் ‘புதுமைப் பெண்’ திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உண்டு. பொறியியலில் 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கல்லூரிக் கட்டணத்தையும் விடுதிச் செலவையும் அரசே ஏற்கிறது. அவர் பெயரில் ஒரு கணக்கு தொடங்கி, ஆதாரை உதவிப் பணத்துக்கு இணைத்து, ஆறாவது முதல் படித்த பள்ளிகளின் சான்றுகளை ஒரு கோப்பில் சேர்த்து வைக்கும் வேலையை இந்த விடுமுறையிலேயே முடித்துவிடுங்கள். கல்லூரி திறந்த பிறகு ஓடினால் முதல் சில மாதப் பணம் கைக்கு வராமலே போகலாம்.