எறிவது கையன்று, உடல்

கிரிக்கெட்டை நன்கறிந்த நமக்கு அமெரிக்க மக்களின் பேஸ்பால் ஆட்டம் சற்று அயலானதே. கிரிக்கெட்டில் பந்து வீசுபவரின் முழங்கை 15 பாகைக்கு மேல் நிமிரலாகாது என்பது விதி. பேஸ்பாலில் அத்தடை இல்லை; மடக்கிய கையை நிமிர்த்தி எறிவதே அங்கு முறை. பந்து தரையில் பட்டு எழுவதும் இல்லை. ஆதலின் எறிஞரின் திறன் அனைத்தும் உடலசைவிலும் விரல்நுனியிலும் அடங்குகிறது. அதனை ஈண்டுச் சுருங்கக் காண்போம்.

விசை பிறக்கும் இடம்

எறிமேட்டிலிருந்து மட்டையாளரின் தளம் வரையுள்ள தொலைவு 60 அடி 6 அங்குலம். மணிக்கு 95 மைல் வேகமுடைய பந்து இதனை ஏறத்தாழ 0.4 நொடியில் கடந்துவிடும். இவ்வேகம் தோளில் பிறப்பதாகப் பலர் எண்ணுவர். அஃது உண்மையன்று, அது காலில் பிறக்கிறது.

வலக்கை எறிஞர் இடக்காலை உயர்த்தி, வலக்காலால் மேட்டை உந்தி, நீண்ட அடியொன்றை முன்வைக்கிறார். இடக்கால் ஊன்றியதும் இடுப்பு திரும்புகிறது. அதனைத் தொடர்ந்து மார்பு திரும்புகிறது. கையோ அப்பொழுதும் பின்தங்கி, பின்னோக்கி வளைந்து நிற்கிறது. பின்னர்ச் சாட்டையின் நுனிபோல் அது முன்பாய்கிறது. அவ்வேளையில் தோள்மூட்டின் சுழற்சி நொடிக்கு ஏறக்குறைய 7000 பாகை என ஆய்வாளர் அளந்துள்ளனர். இவ்வரிசையில் ஓர் உறுப்பு முந்தினும் பிந்தினும் அதன் சுமை முழங்கையின்மீது விழும்.

எறிவகைகள்

'ஃபாஸ்ட்பால்' எனும் வேகப்பந்தில் விரல்கள் பந்தின் பின்புறம் நின்று அதனைப் பின்னோக்கிச் சுழற்றுகின்றன. அச்சுழற்சியால் காற்று பந்தைத் தாங்க, அது எதிர்பார்த்த அளவு தாழ்வதில்லை. 'கர்வ்பால்' இதற்கு மறுதலை. மணிக்கட்டு பக்கவாட்டில் திரும்ப, விரல்கள் பந்தின் முன்புறமாக இறங்குகின்றன. முன்னோக்கிச் சுழலும் பந்து மிகுதியாகத் தாழ்கிறது. இவ்விரண்டிற்கும் காரணமான விளைவை 1852இல் மாக்னஸ் எனும் செருமானிய அறிஞர் விளக்கினார். 'ஸ்லைடர்' பக்கவாட்டில் விலகும். 'சேஞ்ச்அப்' பந்தோ உள்ளங்கைக்குள் ஆழப் பற்றி எறியப்படுவது. கையசைவு வேகப்பந்துக்குரியதாகவே இருக்க, பந்து மட்டும் தாமதித்து வந்து மட்டையாளரை ஏமாற்றும்.

உடலின் எல்லை

1974இல் டாமி ஜான் எனும் இடக்கை எறிஞரின் முழங்கை உட்புறத்து இணைப்புநார் அறுந்தது. மருத்துவர் ஃபிராங்க் ஜோப், அவருடைய வலக்கைத் தசைநாண் ஒன்றை எடுத்து அங்குப் பொருத்தினார். 1976இல் களம் திரும்பிய அவர் 1989 வரை ஆடி, மேலும் 164 வெற்றிகளை ஈட்டினார். அச்சிகிச்சை இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது.

எனினும் அறுத்துச் சீராக்குவதினும் அறாமற் காப்பதே அறிவுடைமை. 2014இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்ட நெறிகளின்படி, 11, 12 வயதுச் சிறார் ஒரு நாளில் 85 பந்துகளுக்கு மேல் எறிதல் கூடாது; 66 பந்துகளை எட்டினாலே நான்கு நாள் ஓய்வு வேண்டும். வெற்றி வேட்கையால் இவ்வெல்லையை மீறத் தூண்டுவோர் பெரும்பாலும் சிறாரல்லர், பெரியோரே என்பதை நாம் நினைவிற் கொள்ளல் வேண்டும். எவ்வாட்டமாயினும் பயிற்றுவிப்போரின் முதற்கடமை, மாணவனின் உடலைக் காத்தலே ஆகும்.