ஒரு குவியல், இரு எடைகள்

நம் கொடைக்கானலில் ஒரு தெர்மாமீட்டர் தொழிற்சாலை இருந்தது என்பதை எங்களில் பலர் வீட்டுப் பெரியவர்கள் சொல்லித்தான் அறிந்தோம். 1980களில் அமெரிக்காவின் வாட்டர்டவுன் நகரிலிருந்து இங்கு வந்த அது, பின்னர் இந்துஸ்தான் லீவர் கைக்கு மாறியது. மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய சாமான் கடையில் பாதரசம் கலந்த கண்ணாடிச் சில்லுகள் குவிந்து கிடந்ததை, 2001 மார்ச் 7ஆம் நாள் ஊர் மக்களும் சுற்றுச்சூழல் இயக்கத்தினரும் வெளிப்படுத்தினர். அவ்வாண்டே ஆலை மூடப்பட்டது.

பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் இச்செய்தியைப் பல இடங்களில் தேடிப் படித்தோம். எடையைக் கண்டுதான் முதலில் திகைத்தோம். கிரீன்பீஸ் இயக்கம் 7.4 டன் என்றது, நிறுவனமோ 5.3 டன் என்றது. தராசு பொய் சொல்லுமா என்று ஒருத்தி கேட்டாள். "தராசைப் பிடித்தவர் யார் என்று கேள்" என்றாள் இன்னொருத்தி.

இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் உண்மை வந்துவிடும் என்று எண்ணினோம் (கணக்குப் பாடத்தின் பழக்கம்!). அது சரியன்று. குற்றம் சாட்டுவோர் பெரிதாகக் காட்ட விரும்பலாம். சாட்டப்பட்டவர் சிறிதாகக் காட்ட விரும்பலாம். ஆனால் விதிமுறைக்கு மாறாகக் கண்ணாடி வெளியே விற்கப்பட்டதை நிறுவனமே ஒப்புக்கொண்டது. தனக்குப் பாதகமானதை ஒருவர் தாமே சொன்னால் அதை நம்பலாம் அல்லவா? ஆகவே கண்ணாடி வெளியே போனது உறுதி, எடைதான் வழக்கு.

எண்களை விடச் சொற்கள் எங்களை அதிகம் ஏமாற்றின. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களுக்குப் பணம் தர உடன்பாடு ஏற்பட்டது. நிறுவனம் அதனை மனிதாபிமான உதவி என்றது. செய்திகள் பலவற்றில் இழப்பீடு என்றிருந்தது. முதற்சொல்லில் குற்றம் இல்லை, இரண்டாவதில் உண்டு.

2015இல் சோபியா அஷ்ரஃப் பாடிய பாட்டே இதற்குக் காரணம் என்று எழுதியவர்களும் உண்டு. பாட்டு பிடித்திருந்ததால் நாங்களும் நம்பிவிட்டோம். ஆனால் தொழிலாளர்கள் 2006லேயே சென்னை உயர்நீதிமன்றம் சென்றிருந்தனர். அந்தப் பத்தாண்டை விட்டுவிட்டால், பொய் ஒன்றும் சொல்லாமலே கதை மாறிவிடுகிறது.

ஆலைக்குள் வேலை செய்தவரின் வாய்மொழிதான் எங்களுக்குக் குறைவாகக் கிடைத்தது. தோழி ஒருத்தியின் தாத்தா அங்கே வேலை பார்த்தவர். வரும் சனிக்கிழமை எங்களோடு பேச இசைந்திருக்கிறார். அவருக்கும் ஒரு பக்கம் உண்டு என்பதை மறவாமல், கேள்விகளை எழுதிக்கொண்டிருக்கிறோம்.