நாகையின் பருவநிலையும் சம்பா விதைப்பு நாளும்

நாகப்பட்டினத்தில் ஆண்டொன்றுக்குச் சராசரியாக 1,300 மில்லி மீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. தமிழ்நாட்டின் சராசரி மழை 1,000 மில்லி மீட்டரைக்கூட எட்டுவதில்லை. இந்தக் கணக்கை மட்டும் பார்த்தால் நாகை விவசாயிக்குத் தண்ணீர்க் கவலையே இருக்கக் கூடாது. ஆனால் வைகாசியில் வயல் வெடித்துக் கிடப்பதும், கார்த்திகையில் அதே வயல் ஏரியாக நிற்பதும் இந்த வட்டாரத்தார் ஆண்டுதோறும் காணும் காட்சி. பெய்யும் மழையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரையுள்ள மூன்று மாதங்களிலேயே கொட்டி விடுவதுதான் இதற்குக் காரணம்.

கடைமடைப் பகுதியில் பல சிறு விவசாயிகளுக்குச் சம்பா ஒன்றே ஆண்டுப் பயிர். அது போனால் அந்த ஆண்டே போனது போல. ஆகவே, கடற்கரை நகரமான நாகையின் ஓராண்டுப் பருவநிலையை அறிந்து, அதற்கு ஏற்ப விதைப்பு நாளைக் குறித்துக் கொள்வது மிகவும் அவசியம்.

கோடையும் கடற்காற்றும்

மே, ஜூன் மாதங்களில் நாகையில் பகல் வெப்பம் 36 டிகிரியைத் தாண்டுகிறது. நிலம் கடலை விட விரைவில் சூடேறுவதால், முற்பகலுக்குப் பின் கடலிலிருந்து குளிர்ந்த காற்று கரை நோக்கி வீசும். அது வந்ததும் வெயில் தணியும். ஆனால் ஆனி மாதத்தில் மேல்காற்று பலமாக வீசுவதால் கடற்காற்று உள்ளே வரத் தாமதமாகிறது. அக்கினி நட்சத்திரம் கழிந்த பின்னும் இங்கு வெயில் குறையாததற்கு இதுவே காரணம்.

இந்த மாதங்களில் கவனிக்க வேண்டியது உப்பு. வெயிலில் மேல் மண் காயும்போது, அடியில் உள்ள உப்பு நீர் மண் துளைகள் வழியே மேலேறி, நீர் ஆவியாகி, உப்பு மட்டும் மேற்பரப்பில் தங்குகிறது. வரப்போரம் வெள்ளை பூத்துக் கிடப்பது அதன் அடையாளம். கோடை மழை கிடைத்ததும் உழுது விட்டால் மண் துளைகள் அறுபட்டு உப்பு ஏறுவது குறையும். அந்த ஈரத்திலேயே ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் தருணத்தில் மடக்கி உழுதால் மண்ணுக்குத் தழைச்சத்தும் சேரும்.

ஆடியில் ஏன் அடைமழை இல்லை?

ஜூன் முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று, தன் ஈரத்தின் பெரும்பகுதியை மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அப்பால் கொட்டி விடுகிறது. மலையைத் தாண்டி வருவது காய்ந்த காற்று. நாகைக்கு இக்காலத்தில் கிடைப்பது மாலையிலும் இரவிலும் இடியுடன் வரும் மழை மட்டுமே. ஆண்டு மழையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இப்படி வருகிறது. ஓர் ஊரில் பெய்யும். அடுத்த ஊரில் புழுதி பறக்கும்.

ஆனால் மேற்கே மலையில் பெய்யும் அந்த மழைதான் மேட்டூர் அணைக்கு நீரைத் தருகிறது. அணை திறப்புக்கு வழக்கமான நாள் ஜூன் 12. மூடும் நாள் ஜனவரி 28. திறந்த நீர் கடைமடைக்கு வந்து சேரப் பல நாட்கள் ஆகும். நீர் இருப்பைப் பொறுத்துத் திறப்பு தள்ளிப் போகும் ஆண்டுகளும் உண்டு. எனவே, ஆடிப்பட்டம் தேடி விதை என்ற பழமொழியைக் கடைப்பிடிக்க விரும்பும் நாகை விவசாயி, ஆற்று நீருக்காகக் காத்திராமல், கோடை உழவு செய்த நிலத்தில் புழுதி விதைப்புக்கு ஆயத்தமாக இருத்தல் நலம்.

ஐப்பசி, கார்த்திகை: கொட்டும் காலம்

வடகிழக்குப் பருவமழை சாதாரணமாக அக்டோபர் 20 வாக்கில் தொடங்குகிறது. அப்போது காற்றின் திசை மாறி, வங்கக் கடலின் ஈரத்தைச் சுமந்து கொண்டு நேராகக் கரைக்கு வருகிறது. கடலில் தாழ்வு மண்டலம் உண்டானால் ஒரே நாளில் 10 சென்டி மீட்டர் மழையும் சாதாரணம். அப்படிப் பெய்தால் ஓர் ஏக்கரில் விழும் நீர் ஏறத்தாழ 4 லட்சம் லிட்டர். இந்த மழை மேல் மண்ணின் உப்பைக் கழுவி நன்மையும் செய்கிறது. வடிகால் இல்லாவிடில் பயிரை மூழ்கடிக்கவும் செய்கிறது.

புயல்களின் நாட்களைக் கவனித்தால் ஒன்று தெளிவாகும். நாகையை உலுக்கிய புயல்கள் 1952 நவம்பர் 30, 1977 நவம்பர் 12 ஆகிய நாட்களில் வந்தன. 2008 நவம்பர் 27 அன்று நிஷா புயல் காரைக்கால் அருகே கரை கடந்தது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தது. நான்கும் நவம்பர்! புயல் வேளையில் கடல் மட்டம் உயர்ந்து நிற்பதால், ஆற்று முகத்துவாரங்களில் நீர் கடலுக்குள் இறங்க மறுக்கும். மழை விட்ட பிறகும் வயலில் நீர் வடியாமல் நிற்பது இதனால்தான்.

அறுவடையிலிருந்து பின்னோக்கி எண்ணுக

நவம்பரில் பயிர் எந்தப் பருவத்தில் இருக்க வேண்டும் என்பதே முதல் கேள்வி. இளநாற்றானால் மூழ்கி அழுகும். பூக்கும் பயிரானால் மகரந்தம் கழுவப்பட்டுப் பதராகும். முற்றிய கதிரானால் சாய்ந்து முளைத்து விடும். வேர் பிடித்துத் தூர்கட்டிய பயிர் ஒன்றே அடி பட்டாலும் எழுந்து நிற்கக் கூடியது. ஆகவே, பூப்பது மார்கழியிலும், அறுவடை பொங்கலை ஒட்டியும் அமைய வேண்டும்.

ஜனவரி 18 அறுவடை நாள் என்று வைத்துக் கொள்வோம்.

சி.ஆர். 1009 போன்ற 155 நாள் ரகமானால், ஆகஸ்டு 16 வாக்கில், அதாவது ஆடிக் கடைசியில் விதைக்க வேண்டும். மழை தொடங்கும்போது பயிரின் வயது இரண்டு மாதம் இருக்கும்.

ஆடுதுறை 46 போன்ற 135 நாள் ரகமானால், செப்டம்பர் 5 வாக்கில், ஆவணி நடுவைத் தாண்டி விதைக்கலாம். மழை தொடங்கும்போது பயிருக்கு 45 நாள்.

இரண்டும் மார்கழித் தொடக்கத்தில் பூக்கும். இதை மாற்றினால் வருவது என்ன? 110 நாள் குறுகிய கால ரகத்தை ஆகஸ்டு 16 அன்று விதைத்தால், டிசம்பர் 4 அன்று முற்றிக் கொட்டும் மழையில் சாயும். நீண்ட கால ரகத்தைச் செப்டம்பர் கடைசிக்குத் தள்ளினால், கதிர் பால் பிடிக்கும் வேளையில் ஆற்றில் நீர் நின்று விடும்.

பள்ளக்கால் நிலம் வைத்திருப்போர் சி.ஆர். 1009 சப் 1 ரகத்தைக் கேட்டு வாங்கலாம். தூர்கட்டும் பருவத்தில் ஏறத்தாழ இரண்டு வாரம் மூழ்கினாலும் பிழைக்கும் தன்மை அதற்கு உண்டு.

வெள்ளம் வடிந்த பின்

புரட்டாசிக்குள் வயல் வாய்க்கால், வடிகால் இரண்டையும் தூர் எடுத்து விட வேண்டும். அண்டை வயல்காரர்கள் கூடிச் செய்தால்தான் பலன் உண்டு. ஒருவர் வயல் வடிந்து அடுத்தவர் வயலில் தேங்கினால் பயனில்லை.

வெள்ளம் வடிந்ததும் நீரை மெல்லிய அளவில் நிறுத்தி, ஏக்கருக்கு யூரியா 22 கிலோ, ஜிப்சம் 18 கிலோ, வேப்பம் புண்ணாக்கு 4 கிலோ கலந்து ஓர் இரவு வைத்திருந்து, மறுநாள் 17 கிலோ பொட்டாஷ் சேர்த்து இட வேண்டும். நீர் தேங்கி நிற்கும்போது உரம் இடுவது பணத்தைக் கரைப்பதற்குச் சமம்.

பயிர்க் காப்பீட்டுப் பதிவுக்கான கடைசி நாள் ஆண்டுதோறும் அறிவிக்கப்படுகிறது. புயல் செய்தி கேட்ட பின் ஓடாமல், விதைத்ததும் வேளாண் உதவி அலுவலரைப் பார்த்து நாளைத் தெரிந்து கொள்வது நல்லது.

மார்கழி, தை: பனியும் பயறும்

ஜனவரியில் நாகையின் பகல் வெப்பம் 28 டிகிரி அளவிலும், இரவு 22 டிகிரி அளவிலும் இருக்கும். கடல் அருகில் இருப்பதால் கடுங்குளிர் இல்லை. அதிகாலைப் பனி உண்டு. சம்பா அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பு, மண் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது ஏக்கருக்கு 12 கிலோ உளுந்து அல்லது பச்சைப்பயறு தெளித்தால், எஞ்சிய ஈரத்தையும் பனியையும் கொண்டே அது விளையும். பூக்கும்போது ஒரு முறையும், 15 நாள் கழித்து மறு முறையும் 2 சத டி.ஏ.பி. கரைசல் தெளித்தால் காய் பிடிப்பு கூடும். பங்குனியில் வெயில் ஏறி உப்பு மேலெழும் முன் பயறு வீடு வந்து சேரும்.

கணக்கு சரியாக இருந்தாலும் வானம் சில ஆண்டுகளில் தவறுவது உண்டு. 2021 ஜனவரியிலும் 2023 பிப்ரவரித் தொடக்கத்திலும் பெய்த மழையில் டெல்டாவில் முற்றிய சம்பா சாய்ந்தது. ஆகவே கதிரில் நூற்றுக்கு எண்பது மணிகள் பழுத்ததுமே அறுத்து விட வேண்டும். முழுவதும் பழுக்கட்டும் என்று நாலு நாள் பொறுப்பதில் கூடும் எடை சிறிது. மழை வந்தால் இழப்பது பெரிது.

மழை வரும் நாளை மாற்ற யாராலும் முடியாது. விதைக்கும் நாள் விவசாயியின் கையில் இருக்கிறது. நாகை வட்டார விவசாயிகள் இந்த ஆடியில் விதை வாங்கப் போகும் முன், ரகத்தின் வயதைக் கேட்டு, பொங்கலிலிருந்து பின்னோக்கி ஒரு முறை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.