மண்ணுக்குள் ஒரு பண்ணையம்

கோயிலிலும் வைத்தியத்திலும் புழங்கிவந்த பஞ்சகவ்யாவைப் பயிருக்குக் கொண்டுவந்தவர் எங்கள் கொடுமுடி மருத்துவர் கே. நடராஜன். அதனால் இந்தப் பக்கம் மஞ்சள் வைக்கிறவர்களுக்கு பஞ்சகவ்யா ஊறுகிற நீல டிரம் புதிதில்லை. வெளியூரிலிருந்து பார்க்க வருகிறவர்கள் முதலில் கேட்பது, "இதுல தழைச்சத்து எவ்வளவுங்க இருக்குது?" என்றுதான். ரொம்பச் சொற்பம் என்பேன். நூறு லிட்டர் தண்ணீருக்கு மூன்று லிட்டர் கலந்து தெளிக்கிறோம். 46 சதவீதம் தழைச்சத்துள்ள யூரியாவோடு வைத்துப் பார்த்தால் அது கணக்கிலேயே வராது.

விஷயம் வேறு. சாணம், கோமியம், பால், தயிர், நெய் ஐந்தும் கரும்புச்சாறு, இளநீர், வாழைப்பழத்தோடு சேர்ந்து நொதிக்கும்போது நுண்ணுயிர்கள் பெருகுகின்றன. அசோஸ்பைரில்லம், அசட்டோபாக்டர், பாஸ்போபாக்டீரியா எல்லாம் அதில் இருப்பதை ஆய்வகச் சோதனைகளிலும் கண்டிருக்கிறார்கள். செய்முறையில் கள்ளும் உண்டு; நம் மாநிலத்தில் அதற்கு வழியில்லை, புளித்த இளநீரில் ஒப்பேற்றுகிறோம்.

காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன் இருந்தும் செடியால் அதை நேராக எடுக்க முடியாது. தட்டைப்பயறு, நிலக்கடலை போன்றவற்றுக்கு வேர் முடிச்சுக்குள் ரைசோபியம் குடியிருந்து அதை அம்மோனியாவாக்கித் தருகிறது. மஞ்சளுக்கு அந்த முடிச்சு கிடையாது. அசோஸ்பைரில்லம் வேரை ஒட்டி வாழ்ந்து, வேர் கசியவிடும் சர்க்கரையைத் தின்று கொஞ்சம் தழைச்சத்து தரும். அதைவிடப் பெரிய உதவி அது சுரக்கும் வளர்ச்சி ஊக்கி என்பது என் எண்ணம். அதனால் சல்லிவேரும் வேர்த்தூவியும் கூடி, மண்ணில் ஏற்கெனவே இருக்கிற சத்தைச் செடி எட்டிப் பிடிக்கிறது.

ஆடு மாடு போலத்தான் இந்த உயிர்களும். தீனி வேண்டும், தண்ணீர் வேண்டும், மூச்சுவிடக் காற்றும் வேண்டும். எருவே போடாத காட்டில் பாக்கெட் பாக்கெட்டாக நுண்ணுயிர் உரம் கொட்டினாலும் அவை பட்டினியில் போய்விடும். ஏக்கருக்கு நான்கு கிலோ அசோஸ்பைரில்லத்தை மக்கிய தொழு உரத்தில் கலந்து, ஈரமுள்ள மண்ணில், வெயில் தாழ்ந்த பிறகு இடுவது என் வழக்கம். பூஞ்சாணக்கொல்லியும் ரசாயன உரமும் அதே நாளில் கிட்ட வரக்கூடாது. வாங்கும்போது காலாவதித் தேதி பாருங்கள். வெயிலில் அடுக்கி வைத்திருக்கிற கடையில் வாங்கவே வேண்டாம்.

காற்று விஷயத்தைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். 13ஆம் நூற்றாண்டில் வெட்டிய காலிங்கராயன் வாய்க்காலின் கடைப்பகுதி எங்கள் ஊர்ப்பக்கம். வாய்க்காலில் தண்ணீர் ஓடும் மாதங்களில் தாழ்ந்த வயல்கள் சொதசொதவென்றே கிடக்கும். எருவிலுள்ள தழைச்சத்தை முதலில் அம்மோனியமாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றித் தருவது நுண்ணுயிர்கள். அந்த இரண்டாவது வேலைக்கு ஆக்சிஜன் கட்டாயம் வேண்டும். தண்ணீர் தேங்கினால் அது நின்றுபோவதோடு, வேறு வகை பாக்டீரியா இருக்கிற நைட்ரேட்டையும் வாயுவாக்கிப் பறக்கவிட்டுவிடும். மஞ்சள் இலை வெளுத்தால் யூரியா மூட்டையைப் பிரிப்பதற்கு முன்னால் வடிகாலைப் பாருங்கள். பாரை உயர்த்திப் பிடித்து, வடிகாலை ஆழப்படுத்திய வயலில் இலை தானாகப் பச்சை திரும்பியதை நான் பார்த்திருக்கிறேன்.

மஞ்சளுக்கு முன்னால், வேர் முடிச்சுள்ள சணப்பையோ தக்கைப்பூண்டோ விதைத்து, பூவெடுக்கும் தருணத்தில் மடக்கி உழுவது நல்லது. உழுவதற்கு முன் ஒரு செடியை மண்ணோடு தோண்டி எடுங்கள். பிடுங்கினால் முடிச்சு அறுந்து மண்ணிலேயே நின்றுவிடும். முடிச்சை நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் அங்கே வேலை நடக்கவில்லை.

யூரியாவை ஒரே போகத்தில் நிறுத்தச் சொல்ல மாட்டேன். ஒரு வயலில் மட்டும் கால் பங்கு குறைத்துப் பாருங்கள். ஆனால் தழை உயரத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், யூரியாவிலும் தழை தள்ளும். வெட்டி எடுக்கும்போது விரலியை எடை போட்டுப் பக்கத்து வயலோடு ஒப்பிடுங்கள்.