எந்தப் பாத்திக்குத் தண்ணீர், எந்தப் பாத்திக்கு மடை?
(கணனிப் பாடம்)



சென்ற பாடசாலை விடுமுறையில் நம் தோட்டங்களின் இளைஞர் யுவதிகள் சிலரை அழைத்துக்கொண்டு புத்தளம் கரைக்குப் போய் வந்தோம். மலையிலே பிறந்த பிள்ளைகளுக்கு அந்தத் தட்டை நிலம் புதிதாக இருந்தது. ஒரு பக்கம் களப்பு, மறுபக்கம் கடல், நடுவே கற்பிட்டிக்குப் போகும் பாதை. நம் லயத்து அடுப்பில் வேகும் கருவாட்டையும் உப்பையும் தரும் ஊர் அது.

பாலாவிப் பக்கம் உப்பளத்தைப் பார்த்தோம். களப்புத் தண்ணீரைப் பெரிய பாத்தியில் விட்டு, வெயிலில் வற்ற வைத்து, அடுத்த பாத்திக்கு மாற்றி, கடைசிப் பாத்தியில் உப்பாக விளைய விடுகிறார்கள். அங்கே வேலை செய்த ஒரு பெரியவர் சொன்னார்: “எல்லா மடையையும் ஒரேயடியாத் திறந்து விட்டா உப்பு விளையாது தம்பி. எத தொறக்கணும், எத அடைக்கணும்னு தெரியணும். அதுதான் வேலை.”

அன்று பிற்பகலே அந்தச் சொல்லின் அருமை எங்களுக்கு விளங்கியது. ஆனால் உப்பளத்தில் அல்ல, ஒரு கணனிக்கு முன்னால்.

சங்கத்து லெப்டொப்

கற்பிட்டிப் பாதையோரத்தில் மீனவக் குடும்பத்துப் பெண்கள் நடத்தும் ஒரு சிறிய சங்கம். அங்கே கணக்கு எழுதும் பெண்ணை எல்லோரும் ‘தாத்தா’ என்று கூப்பிட்டார்கள். நம் பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். அந்தப் பக்கத்து முஸ்லிம் குடும்பங்களில் அக்காவைத்தான் தாத்தா என்பார்கள்.

“லெப்டொப் இழுத்துக்கிட்டே போகுது. காலையில போட்ட டேட்டா பின்னேரம் முடிஞ்சு போகுது. நாங்க ஒரு படமும் பாக்கிறதில்ல. எங்க போகுதுன்னே தெரியல” என்றார் அவர்.

நம் குழுவில் இருந்த ஒரு பிள்ளை திரையின் கீழ்ப்பக்கத்தில் மணிக்கூட்டுக்குப் பக்கத்திலிருந்த சின்ன மேகப் படத்தை அழுத்திப் பார்த்தாள். “தாத்தா, இது யாருடைய எக்கவுண்டுங்க?” என்று கேட்டாள். அது தாத்தாவுடைய தம்பி மகனின் எக்கவுண்ட். லெப்டொப் வாங்கிய நாளில் அவர்தான் தன் ஈமெயிலைப் போட்டு ஆரம்பித்துக் கொடுத்தாராம். இப்போது கட்டாரில் வேலை.

அன்றிலிருந்து டெஸ்க்டொப், டொகியூமென்ட்ஸ், பிக்சர்ஸ் ஆகிய மூன்று கோப்புறைகளும் சத்தமில்லாமல் அவருடைய எக்கவுண்டுக்கு ஏறிக்கொண்டிருந்தன. அவற்றில் சங்கத்தின் கூட்டக் குறிப்புகள், கடன் கணக்கு, அங்கத்தவர்களின் அடையாள அட்டைப் பிரதிகள் எல்லாம் இருந்தன. யாரோ கொண்டு வந்து போட்ட கல்யாண வீடியோவும் இருந்தது. டேட்டாவைத் தின்றது அந்த வீடியோதான்.

இதற்கு முன்பே ஒரு விபத்தும் நடந்திருக்கிறது. தன் எக்கவுண்ட் நிரம்பிவிட்டது என்று கட்டாரில் இருந்த பிள்ளை, தனக்குத் தெரியாத ஒரு பெரிய கோப்புறையை அழித்திருக்கிறார். மறுநாள் சங்கத்து லெப்டொப்பிலும் அது இல்லை! ‘ரிசைக்கிள் பின்’ என்ற குப்பைக்கூடையில் முப்பது நாள் முடிவதற்குள் தேடியதால் திரும்பக் கிடைத்தது. அந்தப் பிள்ளை மேல் குற்றமில்லை. மடை எங்கே இருக்கிறது என்று யாருக்குமே தெரியவில்லை. நம் தோட்டங்களின் இளைஞர் கழகங்களிலும் முன்பள்ளிகளிலும் இதே நிலைமை இருக்கலாம். ஆகவேதான் இந்தப் பாடம்.

மேகம் என்பது என்ன?

மேகம், கிளவுட் என்று சொல்வது வானத்தில் இல்லை. ஒரு கம்பனியின் பெரிய கணனிக் கூடத்தில் நமக்கு ஒதுக்கப்பட்ட இடம் அது. மைக்ரோசொப்டின் ஒன்டிரைவ் 5 ஜிபியும், கூகுள் 15 ஜிபியும், டிரொப்பொக்ஸ் 2 ஜிபியும் இலவசமாகத் தருகின்றன.

நம் கணனியில் உள்ளதையும் அங்கே உள்ளதையும் எப்போதும் ஒரே மாதிரி வைத்திருப்பதற்குப் பெயர் ‘சிங்க்’, அதாவது ஒத்திசைவு. செக்ரோலில் ஒரு நாள் பெயரை வெட்டினால் சம்பளச் சீட்டிலும் அந்த நாள் இருக்காது அல்லவா? அதைப் போலத்தான். ஓரிடத்தில் எழுதினால் மற்ற இடத்திலும் எழுதப்படும். ஓரிடத்தில் அழித்தால் மற்ற இடத்திலும் அழியும். ஆகவே சிங்க் என்பது பத்திரமாகப் பூட்டி வைத்த பிரதி அல்ல. இதை முதலில் மனதில் பதிய வைப்போம்.

மடை இரண்டு வகை

‘இந்தக் கோப்புறை சிங்க் ஆகவேண்டாம்’ என்று சொல்லும்போது இரண்டு வேறு காரியங்களில் ஒன்றைச் சொல்கிறோம். பலரும் இவற்றைக் குழப்பிக்கொள்கிறார்கள்.

முதல் வகை: மேலே இருக்கிறது, இந்தக் கணனிக்கு இறங்க வேண்டாம். ஒன்டிரைவில் மேகப் படத்தை அழுத்தி, செட்டிங்ஸ், பிறகு எக்கவுண்ட், பிறகு ‘சூஸ் ஃபோல்டர்ஸ்’ என்று போக வேண்டும். வேண்டாத கோப்புறைக்கு எதிரே உள்ள சரி அடையாளத்தை எடுத்துவிட வேண்டும். அது இந்தக் கணனியிலிருந்து போய்விடும். மேலே பத்திரமாக இருக்கும். கணனியில் இடம் இல்லாதவர்களுக்கு இது உதவும். ஆனால் அடையாளத்தை எடுப்பதற்குப் பதிலாகக் கோப்புறையையே ‘டிலீட்’ செய்தால் மேலேயும் அழிந்துவிடும். கவனம்.

இரண்டாம் வகை: இந்தக் கணனியில் இருக்கிறது, மேலே ஏற வேண்டாம். சங்கத்துத் தாத்தாவுக்குத் தேவைப்பட்டது இதுதான். ‘சூஸ் ஃபோல்டர்ஸ்’ இந்த வேலையைச் செய்யாது. ஒன்டிரைவ் கோப்புறைக்குள் வைத்த எதுவும் மேலே ஏறத்தான் பார்க்கும். ஆகவே ஏறக்கூடாததை அதற்கு வெளியே வைக்க வேண்டும். சி டிரைவில் புதிதாக ஒரு கோப்புறை திறந்து, ‘சங்கம் - உள்ளே மட்டும்’ என்று பெயர் வைத்து அதற்குள் நகர்த்தினால் போதும். மேலே முன்பே ஏறிய பிரதி குப்பைக்கூடையில் கிடக்கலாம், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

டெஸ்க்டொப், டொகியூமென்ட்ஸ், பிக்சர்ஸ் மூன்றும் தானாக ஏறுவதை நிறுத்த, செட்டிங்ஸில் ‘சிங்க் அண்ட் பேக்கப்’ பகுதிக்குப் போய் ‘மெனேஜ் பேக்கப்’ என்பதைத் திறந்து ஒவ்வொன்றாக அணைக்கலாம். அணைத்த பிறகு டெஸ்க்டொப் வெறுமையாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். கோப்புகள் அழியவில்லை; ஒன்டிரைவ் கோப்புறைக்குள் இருக்கும். அங்கிருந்து எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

கணனியில் கூகுள் டிரைவ் போட்டிருப்பவர்கள் பிரிஃபரன்சஸ் பகுதியில் ‘மை கம்பியூட்டர்’ என்ற இடத்தைப் பார்க்கவும். அங்கே எந்தக் கோப்புறையைச் சேர்த்திருக்கிறோமோ அது மட்டுந்தான் கணனியிலிருந்து ஏறும்.

போனிலும் இதே கதைதான். கூகுள் போட்டோஸில் நம் படத்தை அழுத்தி, செட்டிங்ஸ், பேக்கப் என்று போனால் ‘பேக் அப் டிவைஸ் ஃபோல்டர்ஸ்’ என்று ஒன்று வரும். அங்கே வட்ஸ்அப் படக் கோப்புறையை அணைத்துவிட்டால், காலை வணக்கப் படங்கள் ஏறி 15 ஜிபியை நிரப்பாது. அன்ட்ரொயிட் போனில் வட்ஸ்அப் பேக்கப்பும் இப்போது அந்த 15 ஜிபியில்தான் கணக்கு வைக்கப்படுகிறது. மொபைல் டேட்டாவில் ஏறாமல் வைஃபையில் மட்டும் ஏறும்படியும் வைக்கலாம். ரீலோட் காசு மிஞ்சும்.

எது மேலே போக வேண்டும்?

‘அப்படியென்றால் எல்லா மடையையும் அடைத்துவிடலாமே’ என்று நினைக்கக்கூடாது. கடதாசி இல்லாமல் போனதன் வேதனை நமக்குத் தெரியும். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் தகப்பன், பாட்டன் பிறந்த இடத்துக்கு அத்தாட்சி கேட்டபோது நம் முன்னோர் பலரிடம் காட்ட ஒன்றும் இருக்கவில்லை. புத்தளம் கரையில் சந்தித்த சில குடும்பங்களின் கதையும் அதற்குக் குறைந்ததல்ல. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களில் பெரும்பகுதியினர் வந்து சேர்ந்தது புத்தளம் மாவட்டத்தில்தான். யாழ்ப்பாணத்தில் சில மணித்தியாலமே அவகாசம் கிடைத்தது. பலருடைய காணி உறுதிகளும் சான்றிதழ்களும் விட்டுவந்த வீட்டோடு போயின.

2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா சூறாவளி மலையகத்தில் மண்சரிவையும் புத்தளம் மாவட்டத்தில் வெள்ளத்தையும் ஒரே நேரத்தில் கொண்டுவந்தது. மண்ணுக்கும் தண்ணீருக்கும் தகரப் பெட்டி தாங்காது. ஆகவே கீழ்க்கண்டவை மேலே போகட்டும்; ஆனால் உங்கள் சொந்த எக்கவுண்டுக்கு மட்டும்:

- பிறப்பு, விவாகச் சான்றிதழ்கள், அடையாள அட்டை, பிரஜாவுரிமைப் பத்திரம்
- ஈ.பி.எப்., ஈ.டி.எப். கடிதங்கள்
- வீடு, காணிப் பத்திரங்கள்
- பிள்ளைகளின் பரீட்சைப் பெறுபேறுகள்

படம் அசலுக்கு ஈடாகாது. ஆனாலும் அதிலுள்ள பதிவிலக்கமும் திகதியும் கையிலிருந்தால், பிரதேச செயலகத்தில் சான்றிதழின் புதிய பிரதிக்கு விண்ணப்பிப்பது இலகு.

எது கீழேயே இருக்க வேண்டும்?

- மற்றவர்களின் அடையாள அட்டைப் பிரதிகள், சங்கத்துக் கடன் கணக்கு, நோயாளர் விபரம். நம்பித் தந்தவரைக் கேளாமல் இவற்றை இன்னொருவரின் சொந்த எக்கவுண்டுக்கு அனுப்புவது முறையல்ல. ஆட்களின் தரவைக் காப்பதற்கென்றே 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் நாட்டில் நிறைவேற்றப்பட்டிருக்கிறது.
- கல்யாண வீடியோ, படம், பாட்டு போன்ற பாரமானவை.
- வங்கி அட்டையின் இரகசிய இலக்கம். இதை மேலேயும் எழுத வேண்டாம், கீழேயும் எழுத வேண்டாம்.

கீழே வைத்ததற்கு வேறு பிரதி இல்லை என்பதையும் மறக்கக்கூடாது. மாதம் ஒரு முறை பென் டிரைவில் எடுத்து வேறொரு கட்டடத்தில் பூட்டி வையுங்கள்.

மேலே வைத்தாலும் ஒரே இடத்தை நம்ப வேண்டாம். 2023 ஓகஸ்டில் நம் அரசாங்கத்தின் கிளவுட்டையே கப்பம் கேட்கும் வைரஸ் தாக்கியது. gov என்று முடியும் அரசாங்க ஈமெயில்களில் அந்த ஆண்டு மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரை வந்தவற்றை மீட்க முடியாமல் போனது. அந்த நாட்களுக்கான வேறு பிரதி இருக்கவில்லை. அமைச்சரவை அலுவலகத்துக்கும் இதே கதிதான். அரசாங்கத்துக்கே நடந்தது நமக்கு நடக்காதா?

இன்னொன்று. இரண்டு வருடம் திறக்காமல் விட்ட கூகுள் எக்கவுண்டைக் கம்பனி அழித்துவிடக்கூடும். ஆகவே தீபாவளிக்குத் தீபாவளியாவது திறந்து பாருங்கள்.

அன்று செய்தது

சங்கத்துக்கென்று தனி ஈமெயில் திறந்தோம். கடவுச்சொல் தலைவிக்கும் கணக்கெழுதும் தாத்தாவுக்கும் மட்டும் தெரியும். தம்பி மகனின் எக்கவுண்டை லெப்டொப்பிலிருந்து எடுத்தோம். எடுப்பதற்கு முன் எல்லாவற்றையும் பென் டிரைவில் பிரதி செய்துகொண்டோம். அடையாள அட்டைப் பிரதிகள் ‘உள்ளே மட்டும்’ கோப்புறைக்குப் போயின. கட்டாருக்கு ஒரு வட்ஸ்அப் கோல் எடுத்து, அவர் பக்கத்தில் மிஞ்சியிருந்த பிரதிகளையும் அழிக்கச் சொன்னோம். “அல்லாஹ்வே, இவ்வளவு நாளும் இதெல்லாம் எங்கிட்டயா இருந்திச்சு மாமி!” என்று அவரே பதறிப்போனார்.

இந்த வாரப் பயிற்சி

குடும்பத்தோடு உட்கார்ந்து மூன்று கேள்விக்கு விடை தேடுங்கள்.

1. நம் போனும் கணனியும் யாருடைய எக்கவுண்டில் ஓடுகின்றன?
2. எந்தெந்தக் கோப்புறைகள் மேலே ஏறுகின்றன?
3. இன்றிரவு லயம் மண்ணுக்குள் போனால் எந்தக் கடதாசிக்குப் பிரதி இல்லை?

கொழுந்துக் கணக்கைக் கூட்டிப் பார்க்காமல் நாம் சம்பளம் வாங்குவதில்லை. இந்தக் கணக்கையும் அப்படியே பார்த்துவிடுவோம்.